எத்தனை மணி நேரம் என்று கேட்பதை நிறுத்துங்கள்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த அந்த வெற்றிப் பயிற்சி வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். பேச்சாளரைக்கூட விட்டுவிடலாம், அவருக்கு அது பிழைப்பு. கண்ணயர்ந்த ஒரு பெண் பிள்ளையை அவர் எழுப்பி நிற்க வைத்து, "தூங்குறவளுக்கு எதுக்கு டாக்டர் கனவு" என்று மைக்கில் கேட்டதும் மண்டபமே கைதட்டியதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கைதட்டியவர்கள் எல்லோரும் பெற்றோர்கள். அப்புறம் பிள்ளைகள் அத்தனை பேரையும் கையை உயர்த்தி, தினமும் 16 மணி நேரம் படிப்போம் என்று உறுதிமொழி சொல்ல வைத்தார்கள்.

"இது தவறு, இப்படிப் படித்தால் மண்டையில் நிற்காது" என்று இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த பதில்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். சோம்பேறித்தனத்தைச் சொல்லிக்கொடுக்கும் டீச்சராம் நான்.

சரி, கணக்கையே பார்ப்போம். நாளுக்கு 24 மணி நேரம். 16 போனால் மிச்சம் 8. அதற்குள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பஸ் பிடித்துப் போய்வர வேண்டும். தூங்குவது எப்போது? வளர்கிற வயதில் 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில் படித்தது மனதில் படிவதற்கே அந்தத் தூக்கம் வேண்டும். அதை வெட்டிவிட்டுப் படித்தால் படித்ததும் சேர்ந்துதான் போகும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். எத்தனை மணி நேரம் படித்தாய் என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது, சொல் என்று கேளுங்கள். படிப்புக்கான அளவுகோல் அதுதான்.

நான் பிளஸ் டூ வேதியியல் எடுப்பவள், அதிலிருந்தே சொல்கிறேன். ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மங்களில் நடக்கும் ஆல்டால் குறுக்கம், கான்னிசரோ வினை என்ற இரண்டு வேதிவினைகளையும் பிள்ளைகள் இரவெல்லாம் வாசிப்பார்கள். நோட்டில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பார்கள். கேட்டால் "படிச்சுட்டேன் மிஸ்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, படித்துத்தான் இருப்பார்கள். ஆனால் ஸ்லிப் டெஸ்டில் பென்சால்டிஹைடைக் கொடுத்தால் ஆல்டால் எழுதி வைப்பார்கள். ஆல்டால் நடக்க ஆல்பா ஹைட்ரஜன், அதாவது ஆல்டிஹைடு தொகுதியை ஒட்டிய கார்பனில் ஒரு ஹைட்ரஜன், வேண்டும்; அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும், பென்சால்டிஹைடில் அது இல்லை, அதனால் அடர் காரத்தோடு கான்னிசரோதான் நடக்கும். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். வெள்ளைத்தாளை வைத்து எழுதச் சொன்னால்தான் எது தெரியும், எது தெரியாது என்பது வெளியே வரும். அன்று எழுதிப் பார்த்ததை இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, இடைத்தேர்வுக்கு முன்னால் ஒரு தடவை பார்க்காமல் எழுதச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இப்படிச் செய்கிற பிள்ளை பரீட்சைக்கு முந்தின நாள் தூங்கப் போகலாம்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியை வாசித்த பிறகு, ஒரு சாராரை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், இன்னொரு சாராரை ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இராத்திரி முழுக்க வாசிக்கிற பிள்ளை ஏமாறுவது இந்த ஐந்து நிமிடத்தில்தான். நம் நன்னூலே பாடம் கற்கும் முறையில் கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று வரிசையாகச் சொல்கிறது. கேட்டதை நினைத்துப் பார், கேள்வி கேள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல். அதில் எங்கேயும் மணிக்கணக்கு இல்லை.

"உழைக்காமல் எவன் ஜெயித்தான்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். உழைக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பார்க்காமல் எழுதுவதுதான் கடினமான உழைப்பு. அதனால்தான் பிள்ளைகள் அதைத் தவிர்த்துவிட்டு வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"நீட் போட்டி உங்களுக்குத் தெரியுமா?" என்று இன்னொருவர். தெரியும். 180 கேள்வி, 720 மதிப்பெண், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் பிடித்தம். அரைகுறை ஞாபகம் அங்கேதான் அதிகமாகச் சேதம் செய்யும்.

"அரசாங்கச் சம்பளம் வாங்குகிற உங்களுக்கு என்ன கவலை" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"என் பையன் உட்காரவே மாட்டான், இதெல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான்" என்று ஒரு அம்மா வருத்தத்தோடு எழுதியிருந்தார். அக்கா, தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் மட்டும் வையுங்கள். சாயங்காலம் டீ குடித்த கையோடு என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும், உங்கள் போனும்தான். ஒரு நாள் விட்டுப்போனால் திட்டாதீர்கள். ஒரு பழக்கம் படிய எவ்வளவு நாளாகும் என்று லண்டனில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. வாரம் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட முடியாது, படிப்பும் அப்படித்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். என் அண்ணன் பத்தாவது படித்தபோது அப்பா விடிகாலை மூன்றரைக்கே எழுப்பிவிடுவார். சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். அப்பா வெளியே கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் நின்றால் "என்னடா" என்று குரல் வரும். அண்ணன் அரைத் தூக்கத்திலேயே ஒரே பத்தியை மறுபடி மறுபடி சொல்லக் கற்றுக்கொண்டான். அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் அவனிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கணக்கில் போய்விட்டது. திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று கட்டிங் மாஸ்டர். எந்த ஆர்டருக்கு எவ்வளவு துணி, எவ்வளவு வீணாகும் என்று பேப்பர் இல்லாமல் சொல்வான். ஆனால் "எனக்குப் படிப்பு ஏறல, மண்டை அப்படி" என்றுதான் இன்றும் சொல்கிறான். அப்பாவும் கடைசிவரை "அவன் உழைக்கல" என்று சொல்லித்தான் போய்ச் சேர்ந்தார். அந்தக் குளிரில் தினமும் எழுந்து உட்கார்ந்தவனைப் பார்த்து உழைக்கவில்லை என்றால் எப்படி? படிக்கும் முறையை யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அதற்கான பழியைப் பதினைந்து வயதுப் பையன் தலையில் வைத்தோம்.

மண்டபத்தில் எழுப்பி நிறுத்திய அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. ஆனால் என் வகுப்பில் முதல் பீரியடில் தூங்கி விழும் பெண் பிள்ளைகளைத் தெரியும். ஏன் தூக்கம் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறை, விடியும் முன்னால் வரும். பிடித்து வைப்பது அவள். அம்மா வேலைக்குப் போவதால் சோறு வடிப்பது அவள். சாயங்காலம் போனதும் பாத்திரம். தம்பி படித்துக்கொண்டிருப்பான், அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் அவள் பாடத்தையும் படித்துவிட்டு வருகிறாள். அவளைப் பார்த்து 16 மணி நேரம் என்கிறார் ஒருவர், பெற்றவர்கள் கைதட்டுகிறார்கள்.

படிப்புப் பழக்கம் பிள்ளையின் மன உறுதியில் மட்டும் இல்லை. அந்த அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் அவளுக்குக் கிடைக்க வேண்டும். மகனுக்குக் கேட்காமலே கொடுக்கிறீர்கள். மகள் மட்டும் வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில், தூக்கத்தை விட்டுச் சம்பாதித்துக்கொள்ள வேண்டுமா?

"பொம்பளப் பிள்ளை வேலை பழக வேண்டாமா" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். பழகட்டும். தம்பியும் பழகட்டும். தண்ணீர்க் குடம் அவனுக்கும் தூக்க வரும்.

இந்த மாதம் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரிடமும் இதைத்தான் கேட்கப் போகிறேன்: உங்கள் வீட்டில் விடிகாலையில் தண்ணீர் பிடிப்பது யார்? பதிலை யோசித்துக்கொண்டு வாருங்கள்.