மூன்று திரையரங்குகளில் தொடங்கிய ஓட்டம்

2011 டிசம்பர் 30 அன்று அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' என்ற ஈரானியப் படம் அமெரிக்காவில் மூன்றே திரையரங்குகளில் வெளியானது. முதல் வார இறுதியில் அதன் வசூல் ஏறத்தாழ 59,000 டாலர். முதல் மூன்று நாள் வசூலைக் கொண்டே ஒரு படத்தின் தலையெழுத்தை முடிவுசெய்துவிடும் வழக்கப்படி பார்த்தால், இது கணக்கிலேயே வராத தொகை. ஆனால் அரங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 20,000 டாலர் என்று வகுத்துப் பார்த்தால், சிறிய படத்துக்கு அது மிகப் பெரிய வரவேற்பு. அதன்பின் அரங்குகளைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிப்ரவரியில் ஆஸ்கரும் கிடைக்க, 200க்கும் மேற்பட்ட அரங்குகளுக்குப் பரவி, 70 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டி ஓட்டத்தை முடித்தது. தொடக்க வசூலைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம்.

எல்லாம் ஆஸ்கரால் வந்தது என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆஸ்கருக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, 2011 ஜூனில், பிரான்சில் வெளியான இப்படத்தை அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள். பெர்லின் திரைப்பட விழாவில் பெற்ற உச்ச விருதான தங்கக் கரடி முதல் வாரக் கூட்டத்தை அழைத்து வந்திருக்கலாம். பின்வந்த வாரங்களின் கூட்டத்தை அழைத்து வந்தது, பார்த்தவர்களின் பேச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பேச்சைப் படமே உண்டாக்குகிறது. கதைநாயகன் நாதெர் தன் வீட்டுப் பணிப்பெண் ராஸியேவை வாசலில் உண்மையில் எவ்வளவு வேகமாகத் தள்ளினார், ராஸியே எதை மறைக்கிறார் என்ற கேள்விகளுக்கு விடை தரக்கூடிய கணத்தை ஃபர்ஹாதி நம் கண்ணில் காட்டாமல் வெட்டிவிடுகிறார். இறுதியில், பிரியும் பெற்றோரில் யாரோடு வாழப்போகிறாய் என்று நீதிபதி மகள் தெர்மேயிடம் கேட்க, நாதெரும் மனைவி சிமினும் வெளியே நடைவழியில், கண்ணாடிக் கதவுக்கு இருபுறமும் காத்திருக்கும்போதே பெயர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. நான் இதை முதன்முதலில் பார்த்தது நண்பர் கொண்டுவந்த திருட்டு டிவிடியில். அதை இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். படம் முடிந்த பிறகு, அவர் நாதெருக்காகவும் நான் ராஸியேவுக்காகவும் தெருமுனையில் நள்ளிரவு தாண்டியும் வாதாடினோம். மறுநாள் எங்கள் வாதத்தைத் தீர்த்துவைக்கச் சொல்லி அவர் அந்த வட்டை வேறு இருவரிடம் கொடுத்தார். திரையரங்கில் பார்த்திருந்தால் அது புதிதாக இரண்டு சீட்டுகள். பாரிஸிலும் நியூயார்க்கிலும் நடந்தது இதுதான்.

பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் உருவான இப்படம் உலகெங்கும் 2 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது டெஹ்ரானில் விற்ற சீட்டுகள். நாட்டைவிட்டு வெளியேறிய, ஒடுக்கப்பட்ட இயக்குநர்களுக்கு ஆதரவாக ஃபர்ஹாதி மேடையில் பேசியதற்காக, 2010 செப்டம்பரில் இப்படத்தின் அனுமதியைப் பண்பாட்டு அமைச்சகம் நிறுத்திவைத்தது. சில நாட்களுக்குப் பின்பே திருப்பித் தந்தது. 2011இல் ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸ் விடுமுறையில், அரசுக்கு நெருக்கமானவராகக் கருதப்பட்ட ஓர் இயக்குநரின் நகைச்சுவைப் படத்தோடு இது போட்டியிட்டபோது, அங்கே பலர் எந்தப் படத்துக்குச் சீட்டு வாங்குவது என்பதையே வாக்களிப்பதுபோல் கருதி வரிசையில் நின்றார்கள்.