வழி சொல்லாதவர்கள் சிரிக்கக் கூடாது

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல்லூரி, பேசியது யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பி.எச்.டி. மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களுக்கும் எதிர்கால வழிகாட்டல் என்று பேனர் கட்டி நடத்திய நிகழ்ச்சி. கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப்புக்கு (பி.எச்.டி.க்குப் பிறகு ஆராய்ச்சியைத் தொடரத் தரும் உதவித்தொகை) எப்படி விண்ணப்பிப்பது சார் என்று கேட்கிறாள். "பி.எச்.டி. பண்றே, இதுகூட கூகுள்ல பார்க்கத் தெரியாதாம்மா?" என்கிறார் சிறப்பு விருந்தினர். அரங்கம் சிரிக்கிறது. அதோடு விட்டாரா? "டெல்டா பிள்ளைங்களே இப்படித்தான், ஊரை விட்டு நகர மாட்டீங்க" என்று சேர்த்துக்கொள்கிறார். எழுதிக்கொள்வதற்காகத் திறந்து வைத்திருந்த பேனாவை மூடிவிட்டு அந்தப் பெண் உட்கார்கிறாள்.

பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். வழி சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் அதைச் சொல்லாமல் இருந்துவிட்டு, வழி தெரியவில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. அன்றைக்கு அந்த மேடையின் வேலையே வழி சொல்வதுதான். அதைத்தான் அவள் கேட்டாள்.

முதலில் இந்த 'ஊரை விட்டு நகர மாட்டார்கள்' பேச்சு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு தெருவுக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர், துபாய், திருப்பூர், சென்னை என்று வீட்டுக்கு ஒருவர் வெளியே இருப்பார். அவர்கள் எப்படிப் போனார்கள்? முன்னால் போன மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ எந்த ஏஜெண்ட் நல்லவர், என்னென்ன பேப்பர் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று உட்கார வைத்துச் சொன்னதால் போனார்கள். ஆராய்ச்சிப் படிப்பில் எங்கள் வீடுகளில் அப்படி முன்னால் போன ஆள் கிடையாது. அந்த இடத்தில் இருக்க வேண்டியவர் கைடு, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். துறைத் தலைவர். அந்த மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில்தான் என் ஆய்வு. ஜாம்பவானோடையிலிருந்து படகில் போய், சேற்றில் இறங்கி, வெண்கண்டல் மரங்களுக்கு எண் போட்ட தகடு கட்டி, மூச்சுவேர்களை மிதிக்காமல் நடந்து நடந்து அளவெடுப்பேன். 2018 நவம்பரில் கஜா வந்தது. புயலுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் என் மரங்கள் பாதிக்கு மேல் முறிந்தும் சாய்ந்தும் கிடந்தன. தகடுகளில் ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டன. அடுத்த வருடம் எனக்குக் குழந்தை பிறந்தது. "குடும்பமா, ரிசர்ச்சா, முடிவு பண்ணிக்கோ" என்றார் கைடு. காலக்கெடு முடிந்துவிடும், பதிவு ரத்தாகிவிடும் என்று பயந்து, பச்சைக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் படகு ஏறினேன். பால் கட்டிக்கொண்டு வலியோடு சேற்றில் நின்றிருக்கிறேன்.

ஒருநாள் கட்டணம் கட்டப் போன இடத்தில் செக்‌ஷன் அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னம்மா என்று கேட்டார். சொன்னேன். அலமாரியிலிருந்து யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 பி.எச்.டி. விதிமுறைகளை எடுத்து, ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. அதிகபட்சக் காலமான ஆறு வருடத்துக்கு மேல் இன்னும் இரண்டு வருடம் தளர்வும் உண்டு. நான் அங்கேயே அழுதுவிட்டேன். இது என் கைடுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. துறையில் யாருக்குமே தெரியாமல் இருந்திருக்காது. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சிலர் வருவார்கள், எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது தேடிக்கொள்ள வேண்டியதுதானே என்று. தேடுகிறவருக்கு எதைத் தேட வேண்டும் என்றாவது தெரிய வேண்டுமல்லவா? 240 நாள் என்று ஒன்று இருப்பதே தெரியாத நான் என்ன போட்டுத் தேடியிருப்பேன்? அந்தப் பெண்ணின் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் துறை என்றால் மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். தரும் தேசிய போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப் இருக்கிறது, முன்பு செர்ப் என்ற அமைப்பு கொடுத்துக்கொண்டிருந்தது. வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாலே விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கென்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் (டி.எஸ்.டி.) வைஸ் திட்டம் இருக்கிறது. சமூக அறிவியல் என்றால் அதற்கான ஆராய்ச்சிக் கவுன்சில், ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இதையெல்லாம் இணையம் சொல்லிவிடும், சரி. ஆனால் உன்னை ஏற்றுக்கொண்டு அந்த ஆராய்ச்சியை வழிநடத்தும் மென்டார் ஒருவர் முன்கூட்டியே வேண்டும், அவருக்கு மாதக்கணக்கில் முன்பே எழுத வேண்டும், அந்தக் கடிதத்தில் உன் ஆய்வை இரண்டு பத்தியில் சொல்ல வேண்டும், பி.எச்.டி. கைடையே மென்டாராகப் போடக் கூடாது என்பதை எல்லாம் போய் வந்தவர்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம்தான் அவருக்கு இல்லை. கிண்டல் செய்ய நேரம் இருந்தது.

கைடுகளுக்கும் வேலைப்பளு இருக்கிறது என்பீர்கள். ஒரு பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி இருப்பதே ஒவ்வொருவருக்கும் நேரம் ஒதுக்குவதற்குத்தானே? பேங்க் வேலைக்கும், ரயில் டிக்கெட்டுக்கும், வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறவும் ஆய்வாளரைக் கூப்பிட நேரம் இருக்கிறது. தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொன்ன யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதே, இனி நல்ல ஆய்விதழ் எது, காசு பிடுங்கும் இதழ் எது என்று எத்தனை துறைகளில் கூப்பிட்டுச் சொன்னார்கள்? கட்டுரையில் தன் பெயரை முதலில் போடச் சொல்ல மட்டும் மறப்பதில்லை.

எல்லா கைடும் அப்படியா என்றால், இல்லை. நல்லவர்களைத் தெரியும், அவர்கள் காலில் விழுவேன். இது அவர்களைப் பற்றிய பதிவு அல்ல. பெரியவர்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், பெரியவர் அந்தப் பெண்ணிடம் பேசியது சரியா என்று முதலில் சொல்லுங்கள்.

'நகர மாட்டீங்க' என்று சொன்னபோது அந்த அரங்கில் கௌரவ விரிவுரையாளர்களும், அதாவது நிரந்தரப் பணி இல்லாமல் பாடம் நடத்துபவர்களும், உட்கார்ந்திருந்தார்கள். அரசுக் கல்லூரியில் மாதம் 25,000, அதுவும் பதினொரு மாதத்துக்கு. வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-லேயே சொல்லிவிட்டது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடம் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) 2024 மார்ச்சில் அறிவித்தது, பிறகு தேர்வு தள்ளித் தள்ளிப் போனது. காத்திருந்து காத்திருந்து நாற்பதைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும். கும்பகோணத்தில் காலை வகுப்பு முடித்துவிட்டு மாலையில் டியூஷன் எடுக்கிறார்கள். இவர்களுக்கா ஊக்கம் போதவில்லை? நினைத்தால் வயிறு எரிகிறது.

வேலை கிடைத்தவர்கள் கதையும் இதுதான். தனியார் கல்லூரியில் சேர்ந்தால் ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், மே மாதம் ஊர் ஊராக அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்புகிறார்கள், மிச்ச நேரத்துக்குக் கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைல். ஆராய்ச்சி எப்போது செய்வது?

தஞ்சாவூர்ப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரியில் நிரந்தர வேலையில் இருக்கும் தம்பி ஒருவன். பி.எச்.டி. இருந்தால் நான்கு வருடத்தில் சம்பள நிலையில் லெவல் 10-லிருந்து 11-க்குப் போகலாம். அதற்கு ஓரியன்டேஷன் என்ற 21 நாள் அறிமுகப் பயிற்சியும், ரெஃப்ரெஷர் என்ற புத்தாக்கப் பயிற்சி போல இன்னொன்றும் முடித்திருக்க வேண்டும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து ஃபைலை நீட்டியபோது, ரெஃப்ரெஷர் சான்றிதழ் எங்கே என்று திருப்பிக் கொடுத்தார்கள். சேர்ந்த அன்று ஆதார் நகல், பாஸ்புக் நகல், ஃபோட்டோ எட்டு என்று வரிசையாகக் கேட்டு வாங்கிய அலுவலகம், இதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருக்கக் கூடாதா?

என்னிடம் ஆய்வு செய்ய வருபவர்களுக்கு முதல் வாரமே விதிமுறைகளைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். விடுப்பு, காலநீட்டிப்பு, ஃபெலோஷிப், பதவி உயர்வு பற்றித் தமிழில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். எந்தத் துறை, எத்தனையாவது வருடம் என்று மட்டும் எழுதுங்கள், உங்களுக்குப் பொருந்துவதை முதலில் குறித்துத் தருகிறேன்.