மன அழுத்தம் நகரத்து நோய் மட்டுமல்ல
மன அழுத்தம் நகரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்களுக்கு வருவது, கிராமத்தில் நல்ல காற்றும் உழைப்பும் அதை அண்ட விடாது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களுக்கு ராயக்கோட்டை பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி. விலை விழுந்த வருஷம் பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும்கூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டோம். அந்த மாதங்களில் அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, நகைக்கடன் ரசீதை செல்போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சாப்பாடு பாதித் தட்டோடு நிற்கும், பீடி மட்டும் கூடியது. 'மனசு சரியில்லை' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 'பின்மண்டை வலிக்குது, வயிறு எரியுது' என்பார், அவ்வளவுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021-ல் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள்) வீட்டுக்கு வரும் அக்கா அளந்தபோது பிரஷர் 170/100. கவலை மாதக்கணக்கில் நீடித்தால் கார்டிசால், அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன்களின் சுரப்பு தணியாது, தூக்கம் கெடும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் என்று டாக்டர் விளக்கினார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'தினமும் நடைப்பயிற்சி போனால் சரியாகிவிடும்' என்கிறார். நாளெல்லாம் காட்டில் நடக்கிற மனிதர் ஐயா எங்கள் அப்பா. மாத்திரையோடு, கடன் விஷயத்தை மாமாவிடம் மனம்விட்டுப் பேசிய பிறகுதான் விடியும்வரை தூங்க ஆரம்பித்தார். அப்படிப் பேச ஆள் இல்லாதவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸை 14416 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.