அரைக் கிலோ, கொட்டை இல்லாமல்

சார்: கொட்டை இல்லாத திராட்சை இருக்காம்மா?

பழக்காரம்மா: கம்பம் பன்னீர் திராட்சை இருக்கு சார். காலையில்தான் இறங்கியது.

சார்: ஐயோ, அதில் கொட்டை இருக்குமே. துப்பித் துப்பி வாய் வலிக்கும்.

பழக்காரம்மா: கையில் என்ன டப்பா?

சார்: திராட்சை விதை. 60 எண்ணம், 900 ரூபாய்.

பழக்காரம்மா: யாரோ நன்றாக ஏமாற்றியிருக்காங்க சார். திராட்சைக்கு விதை போட மாட்டாங்க, குச்சிதான் நடுவாங்க.

சார்: நடுவதற்கு இல்லைம்மா, விழுங்குவதற்கு. விதையின் சாரத்தை எடுத்து கேப்ஸ்யூலில் அடைத்திருக்காங்க. அதில் புரோஆந்தோசயனிடின் என்று ஒரு பொருள் இருக்கு! பிரஷருக்கு நல்லதாம்.

பழக்காரம்மா: அது இந்தக் கொட்டையில் கிடையாதா?

சார்: இருக்கு. ஆனால் கடித்தால் துவர்க்குமே.

பழக்காரம்மா: அந்தத் துவர்ப்புக்கா 900 ரூபாய்? என்னிடம் கிலோ 120. கொட்டை இலவசம்.

சார்: உனக்குப் புரியாது. வெளிநாட்டில் ஒயின் பிழிந்த சக்கையிலிருந்து விதையைப் பிரித்து...

பழக்காரம்மா: சாறு அவங்களுக்கு, சக்கை உங்களுக்கு. சரி, யார் தலையில் கட்டியது?

சார்: மச்சினன்தான். நானும் கீழே 3 பேரைச் சேர்த்துவிட்டால் எனக்கு இது பாதி விலை.

(வாழைப்பழம் வாங்கப் போன நான் காசை நீட்டியபடியே நிற்கிறேன். அந்த மூன்றில் ஒருவனாகிவிடுவேனோ என்று பயம்.)

பழக்காரம்மா: போன மாதம் தராசுத் தட்டு கீறி உங்க விரலில் ரத்தம் நிற்கவே இல்லையே. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுவதாகச் சொன்னீங்க. அதோடு இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டீங்களா?

சார்: இது மருந்தே இல்லையேம்மா! டப்பாவிலேயே போட்டிருக்கு பார், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல.'

பழக்காரம்மா: அப்புறம் பிரஷருக்கு என்று ஏன் விழுங்குறீங்க?

சார்: இயற்கைம்மா. பக்கவிளைவே கிடையாது.

பழக்காரம்மா: எருக்கம்பாலும் இயற்கைதான். கண்ணில் விட்டுக்குவீங்களா?

சார்: (டப்பாவைப் பைக்குள் தள்ளியபடி) அரைக் கிலோ போடு.

பழக்காரம்மா: பன்னீரா?

சார்: கொட்டை இல்லாதது.

பழக்காரம்மா: போடுகிறேன். நாளையிலிருந்து பன்னீர் வாங்குகிறவங்க துப்பும் கொட்டையைச் சேர்த்து வைக்கிறேன். 450-க்குத் தருகிறேன், மச்சினனிடம் சொல்லிடாதீங்க.