ஸ்டெம் செல் பெட்டியில் வராது

ஸ்டெம் செல், அதாவது பலவகை உயிரணுக்களாக மாறவல்ல மூல உயிரணு, இன்னும் சில ஆண்டுகளில் எல்லா நோயையும் தீர்த்துவிடும் என்ற தொனியில் நீங்கள் வெளியிட்ட கட்டுரை முடிகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அத்தை வீட்டுக்கே வந்து, ‘ஸ்டெம் செல்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்ட மாத்திரைப் பெட்டியை ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். முழங்கால் வலிக்காம். பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் மான் நஞ்சுக்கொடிச் சாறு! இரைப்பை அமிலத்தில் எந்த உயிரணு பிழைக்கும்? அந்தக் காசுக்குப் பருப்பு வாங்கியிருக்கலாம், புரதமாவது மிஞ்சும்.

ஜப்பானிய அறிவியலாளர் யமனாக்காவைப் போற்றிய கட்டுரையாளர் முக்கியமானதைத் தாண்டிவிட்டார். 2006-இல் யமனாக்கா எலியின் தோல் உயிரணுக்களில் நான்கே மரபணுக்களைச் செலுத்தி அவற்றைக் கருநிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டே மனித உயிரணுவிலும் செய்தார், 2012-இல் நோபல். ஆனால் அந்த நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. ‘வளர்’ என்ற கட்டளைக்கும் கட்டுமீறிய வளர்ச்சிக்கும் நடுவே அவ்வளவு மெல்லிய வேலி. மருத்துவர்கள் தயங்குவது வீணுக்கல்ல. நோயாளியின் தோலிலிருந்தே நரம்பணுக்களை வளர்த்து, கோளாறு எங்கே தொடங்குகிறது என்று ஆய்வகத் தட்டில் பார்ப்பதுதான் இதன் பெரும்பயன் என்பேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நெடுங்காலமாக நிலைபெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எலும்பு மஜ்ஜை மாற்று. தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கும் அது உண்டு. உடன்பிறந்தவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பே நான்கில் ஒன்றுதான். நம்மவர்கள் கொடையாளராகப் பதிவது எப்படி என்று அடுத்து எழுதுங்கள் ஐயா.