ராத்திரி வெறும் டிபன்தான்

வீட்டில் யாருக்காவது சுகர் வந்துவிட்டால் முதலில் மாறுவது ராத்திரிச் சாப்பாடு. சோறு போய் டிபன் வந்துவிடும். "ராத்திரி சோத்தையே தொடுறதில்லைங்க, வெறும் டிபன்தான்" என்று சொல்பவர்களின் குரலில் ஒரு நிம்மதி தெரியும். அந்த 'வெறும்' என்ற சொல்தான் என்னை வருத்துகிறது. தட்டைச் சரிசெய்துவிட்டோம் என்று நம்பியே பலர் எடையும் குறையாமல் சுகரும் இறங்காமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். மாத்திரை மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

கணக்கைப் பாருங்கள். வீட்டில் ஒரு கரண்டி மாவு ஊற்றிச் சுடும் தோசையில் சுமார் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து. மூன்று தோசைக்கு ஏறத்தாழ 70 கிராம். வெந்த சோறு 250 கிராம் எடுத்தாலும் அதே 70 கிராம்தான். இட்லி ஒன்றுக்கு 10, 12 கிராம். 30 கிராம் மாவில் இட்ட சப்பாத்திக்கு 20 கிராம். அதாவது மூன்று சப்பாத்தியும் ஐந்து இட்லியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ராகிக்கும் இது பொருந்தும். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சுகர் விறுவிறுவென்று ஏறும். பெயர் சிறுதானியம் என்பதால் கணையம் சலுகை காட்டாது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சோறு சாப்பிடும்போது கூடவே ஒரு பொரியல், கீரை, மோர், வாய்த்தால் மீன் என்று ஏதாவது வரும். டிபனுக்கு என்ன வருகிறது? சட்னி. அதுவும் தேங்காய்ச் சட்னி. தோசையைச் சுற்றி விடும் எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி. சோற்றை விட்டவர் காய்கறியையும் புரதத்தையும் சேர்த்தே விட்டுவிடுகிறார். அதனால்தான் ஒன்பதரைக்குச் சாப்பிட்டவருக்குப் பதினோரு மணிக்கு மறுபடி பசிக்கிறது, கை பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது.

டிபனை விட வேண்டாம், தட்டைத் திருப்பிப் போடுங்கள். முதலில் காய். அவரை, பீன்ஸ், கோவைக்காய், முட்டைகோஸ், சுரைக்காய், எதுவானாலும் 200 கிராம். உருளை, சேனை, மரவள்ளி இந்தக் கணக்கில் வராது. அடுத்தது புரதம்: இரண்டு முட்டை, அல்லது குழம்பு மீன் 100 கிராம், அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது 75 கிராம் பனீர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கடைசியாக இரண்டு இட்லி அல்லது ஒரு தோசை, பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பாரோடு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காயும் புரதமும் முதலில் உள்ளே போனால் பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாக ரத்தத்தில் கலக்கிறது. ஒரு சமையல் தராசு வாங்கி ஒரு வாரம் மட்டும் நிறுத்துப் பாருங்கள். பிறகு கண்ணே அளந்துவிடும்.

நேரம் ஏழரை, எட்டு. சாப்பிட்ட கையோடு 15 நிமிடம் நடை, தெருவில் முடியாவிட்டால் மொட்டை மாடியில். தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலை நடை நல்லதுதான், ஆனால் ராத்திரித் தட்டால் ஏறும் சுகரை அப்போதே பிடிப்பது இந்தப் பதினைந்து நிமிடம்தான். செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள். கால் மரத்துப்போனவருக்கு முள் குத்தியதுகூடத் தெரியாது.

நடை மட்டும் போதாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். தசை போனால் குளுக்கோஸ் போய்ச் சேரும் இடமே சுருங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது பத்து முறை, அதை மூன்று சுற்று. சுவரில் கை வைத்துத் தள்ளுவதும் அப்படியே. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். மூச்சைப் பிடிக்காதீர்கள். விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் கனம் தூக்கக் கூடாது.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? காலை வெறும் வயிற்றுச் சுகர் இதைச் சொல்லாது. முதல் வாய் எடுப்பதற்கு முன் ஒன்று, அந்த முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, இப்படி ஜோடியாகப் பாருங்கள். பலருக்கு இரண்டாவது எண் 180-க்குள் நிற்க வேண்டும். ஒரே தட்டை மூன்று நாள் சோதித்த பிறகே அடுத்த மாற்றம். கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டர் எண்ணைக் கூட்டிக் காட்டும்.

எடை விஷயத்தில் அவசரம் வேண்டாம். முதல் வாரம் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். அதன்பின் வாரம் அரைக் கிலோ நல்ல வேகம். எடையைக் குறைத்தால் சுகர் நோய் தணியுமா என்று பிரிட்டனில் பார்த்த டைரக்ட் ஆய்வின் 2017 முடிவுகளில், 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மாத்திரை இல்லாமலேயே சுகர் நோய் வரம்புக்குக் கீழே வந்தது. அவர்களுக்குச் சுகர் வந்து ஆறு ஆண்டுக்குள்தான் ஆகியிருந்தது, இன்சுலின் போடாதவர்கள், கூடுதல் எடை உள்ளவர்கள். நம்மில் ஒல்லியாகத் தெரியும் பலருக்கும் வயிற்றில்தான் கொழுப்பு. அதனால் இஞ்ச் டேப்பும் வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்குள் இடுப்பு வர வேண்டும்.

தட்டை மாற்றும் முன் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் பழைய அளவிலேயே மருந்தை வைத்துக்கொண்டு இட்லியைக் குறைத்தால் சுகர் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், 70-க்குக் கீழே எண் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சுகரைச் சிறுநீரில் வெளியேற்றும் டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தவோ நீண்ட விரதம் இருக்கவோ கூடாது. உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடலாம், ஆனால் சுகர் மீட்டர் பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம். அந்த மாத்திரையில் இருப்பவருக்கு வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால், சுகர் 180-தானே என்று காத்திருக்காமல் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய், கீட்டோன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.