நியூ லனார்க்கை நிறுவியவர் ராபர்ட் ஓவனா?

ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலை ஊரை சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் உருவாக்கினார் என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு. கிளைட் ஆற்று அருவிகளின் விசையை நம்பி அதைத் தொடங்கியவர் கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேல். நூற்பு 1786இல் ஆரம்பமானது. ஓவன் பிறந்ததே 1771இல்தான்! டேலின் மகள் கரோலினை மணந்து, 1800இல்தான் அவர் நிர்வாகத்தை ஏற்றார்.

அங்கே பள்ளியும் ஓவனுக்கு முன்பே இருந்தது. ஆதரவற்ற சிறுவர்கள் காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை ஆலையில் உழைத்துவிட்டு, களைத்த கண்களோடு பாடம் படித்தார்கள். அந்தக் கொடுமையை மறைக்கவும் கூடாது. பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு எடுப்பதை நிறுத்தியதும், 1816இல் மழலையருக்குப் பள்ளி திறந்ததும் ஓவனின் உண்மையான சாதனைகள். ஆலை 1968 வரை இயங்கியது.